கத்தார்: கேஸ் போக மிஞ்சுவது என்ன?

வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "கத்தாரின் ஜிடிபியில் அறுபது சதவீதத்துக்கும் மேல் எண்ணெய், எரிவாயு அல்லாத துறைகளிலிருந்து வருகிறதாம். அப்படியென்றால் அந்த நாடு இனி கேஸை நம்பி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? எந்தத் துறைகள் உண்மையிலேயே சொந்தக் காலில் நிற்கின்றன? என் தம்பி அங்கே வேலைக்குப் போகப் பார்க்கிறான், அவனுக்கு எது நல்லது?"

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: இல்லை. அந்த எண் பொய்யில்லை, அரசுக் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் தப்பு.

"எண்ணெய் அல்லாத துறை" என்ற தலைப்பின் கீழ் யாரெல்லாம் வந்து உட்கார்கிறார்கள் என்று பாருங்கள். யூரியா ஆலை, அலுமினிய உருக்காலை, மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய ஒப்பந்தக்காரர், அமைச்சகத்தில் சம்பளம் வாங்கும் அதிகாரி, அந்த அதிகாரி லேண்ட் குரூசர் எடுத்த ஷோரூம், அதற்குக் கடன் கொடுத்த வங்கி, எல்லாருமே. இதில் முதல் இரண்டும் கேஸை மூலப்பொருளாகவோ மின்சாரமாகவோ எரித்துத்தான் ஓடுகின்றன. மற்றவை கேஸ் விற்ற பணம் அரசு கஜானா வழியாக ஊருக்குள் இறங்குவதால் ஓடுகின்றன. துளையிட்டு எடுத்துக் குளிரவைத்துக் கப்பலில் ஏற்றுகிற வேலை மட்டும்தான் "எரிவாயுத் துறை" என்று தனியாக நிற்கும், அதன் நிழலில் இருப்பதெல்லாம் வேறு கணக்கில் போய்விடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சதவீதம் என்பது பங்கு. கேஸ் விலை விழுந்தாலே, வேறு எதுவும் வளராமலேயே, "கேஸ் அல்லாத" பங்கு ஏறிவிடும். 2011, 2012 வாக்கில் நடப்பு விலைக் கணக்கில் எண்ணெய், எரிவாயுவின் பங்கு பாதிக்கும் மேல் இருந்தது. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது, அந்த ஆண்டு எண்ணெய், எரிவாயுவின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் நாலைந்து வருடத்தில் அபாரமான பன்முகமாக்கல், அதாவது ஒரே துறையை நம்பாமல் பல துறைகளை வளர்ப்பது. நடந்தது என்னவென்றால், பதினைந்து ஆண்டுகளில் முதல்முறையாக அரசு பட்ஜெட்டில் பற்றாக்குறை விழுந்தது, அரசு நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடந்தது.

அதனால் ஜிடிபி பங்கை ஓரமாக வைத்துவிட்டு கஜானாவைப் பாருங்கள் என்பேன். 2025 பட்ஜெட்டில் அரசு எதிர்பார்த்த மொத்த வருவாய் 19,700 கோடி ரியால், அதில் எண்ணெய், எரிவாயு மட்டும் 15,400 கோடி ரியால். ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்றுமதியை எடுத்தாலும் ஏறத்தாழ இதே கதைதான். பீப்பாய் 60 டாலர் என்று வைத்து அந்த பட்ஜெட்டைப் போட்டார்கள். கேஸ் விற்கிற நாடு ஏன் எண்ணெய் விலையை வைத்து பட்ஜெட் போடுகிறது என்று கேட்டால், கத்தாரின் நீண்டகால எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயு) ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை கச்சா எண்ணெய் விலையோடு கட்டப்பட்டவை, எண்ணெய் இறங்கினால் சில மாதம் தள்ளி கேஸ் பில்லும் இறங்கும். 2019 ஜனவரியில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கை விட்டு வெளியே வந்தார்கள், ஆனால் எண்ணெய் விலையை விட்டு வெளியே வர முடியவில்லை.

சரி, கேஸ் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் மீதியைப் புரிந்துகொள்ள முடியாது. கத்தாரின் பழைய தொழில் முத்துக் குளிப்பு. ஜப்பான்காரர்கள் சிப்பியில் முத்து வளர்க்கக் கற்றுக்கொண்டதும், அதோடு 1930களின் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்ததும், அந்தத் தொழில் படுத்தது. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. துக்கானில் எண்ணெய் கிடைத்தாலும் உலகப்போர் குறுக்கே வந்ததால் முதல் ஏற்றுமதி 1949இல்தான். 1971இல், கத்தார் சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில், ஷெல் நிறுவனம் கடலில் எண்ணெய் தேடப்போய் நார்த் ஃபீல்டு என்ற கடலடி எரிவாயு வயலைக் கண்டுபிடித்தது. அன்றைக்கு அது ஏமாற்றம். எண்ணெய்க்குப் பதிலாக வெறும் கேஸ், அதை வாங்க ஆளில்லை, குழாய் போட்டு அனுப்ப பக்கத்தில் பெரிய சந்தையும் இல்லை. இருபது வருடம் சும்மா கிடந்தது. 1991இல்தான் அதிலிருந்து கேஸ் எடுக்கத் தொடங்கினார்கள், அதுவும் உள்ளூர்த் தேவைக்கு. எல்என்ஜி திட்டத்தில் கூட்டாளியாக இருந்த பிபி நிறுவனம் 1992இல் இது தேறாது என்று விலகிக்கொண்டது, அந்த இடத்துக்கு மொபில் வந்தது.

1995இல் ஆட்சிக்கு வந்த ஷேக் ஹமது பின் கலீஃபா கடன் மேல் கடன் வாங்கி ராஸ் லஃப்பான் என்ற கடற்கரை எல்என்ஜி ஆலை நகரில் பணத்தைக் கொட்டினார். அங்கிருந்து முதல் கப்பல் 1997 தொடக்கத்தில் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பான், வாங்கியது சுபு மின் நிறுவனம். முத்துத் தொழிலை முடித்துவைத்த அதே நாடு. 2010 முடிவுக்குள் ஆண்டுக்கு 7.7 கோடி டன் என்ற அளவை எட்டிவிட்டார்கள். ஈரானோடு பங்குபோட்டுக்கொள்ளும் அந்த வயலில் கத்தார் பக்கம் எடுக்கக்கூடியதாகக் கணக்கிட்டிருப்பது 900 லட்சம் கோடி கன அடிக்கு மேல். கூடவே கண்டன்சேட் (கேஸோடு வரும் லேசான எண்ணெய்), எல்பிஜி எல்லாம் உபரியாக வருகின்றன, அவற்றை விற்ற காசே எடுக்கும் செலவின் பெரும்பகுதியைக் கட்டிவிடும். உலகத்தில் இதைவிட மலிவாக எல்என்ஜி தயாரிக்க வேறு யாராலும் ஏறக்குறைய முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அந்த "அல்லாத" துறைகளுக்கு வருவோம்.

முதல் அடுக்கு, கேஸிலிருந்து செய்யும் சரக்கு. மெசயீத் தொழில் நகரில் இருக்கும் காஃப்கோ உர நிறுவனம் 1969இல் தொடங்கியது, அதாவது நார்த் ஃபீல்டு கிடைப்பதற்கும் முன்னால். எண்ணெய்க் கிணற்றில் கூடவே வந்து வீணாக எரிந்துகொண்டிருந்த கேஸை வைத்து உரம் செய்யலாம் என்ற யோசனை. இன்று ஆண்டுக்கு 56 லட்சம் டன் யூரியா செய்யும் திறன் அங்கே இருக்கிறது. அப்புறம் 1970களில் எஃகு ஆலை, பெட்ரோகெமிக்கல், 2010இல் நார்வேயின் ஹைட்ரோ நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி கூட்டில் கத்தாலும் என்ற அலுமினிய உருக்காலை. இந்தக் கடைசி ஆளைக் கவனியுங்கள். கத்தாரில் அலுமினியத் தாதுவான பாக்சைட் ஒரு பிடி கிடையாது, அதிலிருந்து எடுத்த அலுமினாவைக் கப்பலில் கொண்டுவருகிறார்கள். ஆனால் ஆலைக்கென்றே 1,350 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் பக்கத்தில் நிற்கிறது. அலுமினியத்தில் பெரிய செலவே மின்சாரம்தான், ஆக இவர்கள் ஏற்றுமதி செய்வது வேறு வடிவத்தில் கேஸைத்தான். தப்பு என்று சொல்லவில்லை, மதிப்புக் கூட்டல் நல்ல விஷயம். ஆனால் கேஸ் இல்லாத ஒரு கத்தாரில் இந்த உருக்காலை ஒரு வாரம் ஓடாது.

இதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஹீலியம். நார்த் ஃபீல்டு கேஸில் ஹீலியம் சொற்பத்திலும் சொற்பம், நூறில் அரைக்கால் பங்குகூட இல்லை. அந்த அளவுக்கு யாரும் தனியாகக் கிணறு தோண்ட மாட்டார்கள். ஆனால் எல்என்ஜி செய்ய கேஸை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைக்கும்போது மீத்தேன் திரவமாகிவிடும், ஹீலியம் திரவமாகாமல் மேலே மிஞ்சும். மிஞ்சியதைப் பிடித்து இன்னும் குளிரவைத்து மைனஸ் 269 டிகிரிக்குக் கொண்டுபோனால் விற்கலாம். இப்படி மிச்சத்தைப் பிடித்தே உலக ஹீலியத்தில் கால் பங்குக்கும் மேல் கொடுக்கும் நாடாக, அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுக்கும்போது அந்தக் காந்தத்தைக் குளிர்விக்கும் திரவம் ராஸ் லஃப்பானில் இருந்து வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் கவனியுங்கள், எல்என்ஜி ரயில் நின்றால் ஹீலியமும் நின்றது. (எல்என்ஜி ஆலையின் ஒரு முழு உற்பத்தி வரிசையை அங்கே "டிரெயின்" என்பார்கள், தமிழாட்கள் பேச்சில் அது ரயிலாகவே ஆகிவிட்டது.)

இரண்டாவது அடுக்கு, கேஸ் பணத்தைச் செலவழிக்கும் துறைகள். கட்டுமானம், ரியல் எஸ்டேட், சில்லறை வணிகம், உள்ளூர் வங்கிக் கடன். 2010 டிசம்பரில் உலகக் கோப்பை கத்தாருக்கு என்று அறிவித்ததிலிருந்து 2022 நவம்பரில் பந்து உருளும் வரை நாடே ஒரு கட்டுமானத் தளம். எட்டு ஸ்டேடியத்தில் ஏழு புதிதாகக் கட்டியவை, 2019இல் திறந்த மெட்ரோ, லூசைல் என்று ஒரு புது நகரமே, சாலைகள், வடிகால்கள். மொத்தச் செலவு 20,000 கோடி டாலருக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லும் மதிப்பீடு, ஸ்டேடியங்கள் அதில் சின்னப் பங்குதான். இத்தனையும் "எண்ணெய் அல்லாத வளர்ச்சி"யாகவே கணக்கில் ஏறியது. கோப்பை முடிந்ததும் என்ன ஆனது? வாடகை இறங்கியது, காலி ஃபிளாட்டுகள் பெருகின, கட்டுமான கேம்ப்கள் வெறிச்சோடின. செலவழித்தவரை இருந்தது, செலவு நின்றதும் சுருங்கியது. சுற்றுலா மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது, 2024இல் சுமார் 50 லட்சம் பேர் வந்தார்கள், அதில் சுமார் நாற்பது சதவீதம் பக்கத்து வளைகுடா நாட்டினர். 30 லட்சம் மக்கள் உள்ள ஊருக்கு இது சின்ன எண் இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்து நாட்டை நடத்த முடியாது.

மூன்றாவது அடுக்குதான் சுவாரசியமானது: வெளி உலகத்திடமிருந்து, கேஸுக்காக அல்லாமல் வேறு எதற்கோ, காசு வாங்குகிற துறைகள். இதில் எனக்குத் தெரிந்து இரண்டுதான் கனமானவை.

ஒன்று விமானமும் விமான நிலையமும். கத்தார் ஏர்வேஸில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கத்தாருக்கே போவதில்லை, தோஹாவில் இறங்கி மாறிப் போகிறவர்கள். சென்னையிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களைக் கேளுங்கள், ஹமது விமான நிலையத்தில் அந்தப் பெரிய மஞ்சள் கரடிப் பொம்மைக்குக் கீழே உட்கார்ந்து அடுத்த விமானத்துக்குக் காத்திருந்திருப்பார்கள். அவர்கள் கொடுக்கும் டிக்கெட் காசு உண்மையான ஏற்றுமதி வருமானம். 2023-24 நிதியாண்டில் 610 கோடி ரியால் லாபம், அடுத்த ஆண்டு 785 கோடி ரியால். ஆனால் இங்கேயும் ஒரு வாலைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது 2020இல் அரசு 730 கோடி ரியால் மூலதனம் போட்டுத்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். முதலாளி பணக்காரராக இருப்பதே ஒரு வணிக பலம், அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் "சொந்தக் கால்" என்று சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று வெளிநாட்டு முதலீடு. 2005இல் தொடங்கிய கத்தார் முதலீட்டு ஆணையத்திடம் 50,000 கோடி டாலர் அளவுக்குச் சொத்து இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். லண்டனில் ஹாரட்ஸ் கடை, ஷார்ட் கோபுரத்தின் பெரும்பங்கு, ஃபோக்ஸ்வாகனில் பங்கு, நம் பக்கம் மும்பையில் அதானி மின் விநியோக நிறுவனத்தில் கால் பங்கு, ரிலையன்ஸ் ரீடெயிலில் ஒரு சதவீதம் போல. குடிமக்கள் மூன்றரை லட்சம் பேர்தான் என்பதை நினைத்தால் ஆளுக்குப் பத்து கோடி ரூபாய்க்கு மேல் வரும். கத்தாரின் உண்மையான பன்முகமாக்கல் இங்கேதான் நடந்திருக்கிறது என்பது என் கருத்து: நாட்டுக்குள் தொழில் வளர்ப்பதைவிட, நிலத்தடிச் சொத்தை எடுத்து நிலத்துக்கு மேலே, வேறு நாடுகளில், வேறு வடிவில் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வருமானம் உள்நாட்டு உற்பத்திக் கணக்கிலேயே வராது, ஏனென்றால் அது உள்நாட்டில் உற்பத்தியாவதில்லை. நீங்கள் படித்த அந்த அறுபது சதவீதத்துக்குள் நாட்டின் மிகப்பெரிய கேஸ் அல்லாத சொத்தே இல்லை.

"அறிவுப் பொருளாதாரம்" என்று ஒரு பேச்சு உண்டு, 2008இல் வெளியிட்ட தேசியத் தொலைநோக்கு 2030 ஆவணத்திலேயே அது பெரிய எழுத்தில் இருக்கிறது. தோஹாவின் எஜுகேஷன் சிட்டியில் கார்னெல், ஜார்ஜ்டவுன், கார்னெகி மெலன் ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் எல்லாம் இருக்கின்றன. தரத்தில் குறையில்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழக நிர்வாகக் குழு கூடி வாக்களித்தது, டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் கத்தார் வளாகத்தை 2028க்குள் மூடுவதாக முடிவாகிவிட்டது. இத்தனை ஆண்டு கத்தாருக்கு இன்ஜினியர்களை உருவாக்கித் தந்த வளாகம் அது. பணம் கொடுத்து வாங்கிய நிறுவனத்துக்கும் மண்ணில் முளைத்த நிறுவனத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் ஒரு தடவை நிஜத்திலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 2017 ஜூன் 5 காலையில் சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் சேர்ந்து கத்தாரோடு உறவை முறித்து எல்லையை மூடின. கத்தாருக்கு நிலவழி ஒன்றே ஒன்று, அபு சம்ராவில் சவுதி எல்லை. உணவில் சுமார் நாற்பது சதவீதம் அந்த வழியாக லாரியில் வந்துகொண்டிருந்தது, முக்கியமாகப் பால், தயிர், கோழி. அன்றைக்குச் சாயந்திரம் தோஹா சூப்பர் மார்க்கெட்டுகளில் தள்ளுவண்டிகள் நிரம்பி வழிந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ராஸ் லஃப்பானில் ஹீலிய ஆலைகள் நின்றன, ஏனென்றால் ஹீலியக் கொள்கலன்கள் சவுதி வழியாகத்தான் ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. சில வாரம் கழித்துக் கடல் வழி சரிசெய்த பிறகுதான் மறுபடி ஓடின. கத்தார் ஏர்வேஸுக்கு ஒரே நாளில் 18 நகரங்கள் போயின. வங்கிகளில் வெளிநாட்டு டெபாசிட் வெளியேறியது, முதல் இரண்டு மாதத்தில் பொருளாதாரத்தைத் தாங்க கத்தார் 3,850 கோடி டாலர் இறக்கியதாகக் கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் கணக்கிட்டது.

எல்லாம் ஆட்டம் கண்ட அந்த நேரத்தில் ஆடாமல் நின்றது எது? எல்என்ஜி. ஒரு கப்பல்கூட வாங்குபவருக்குத் தவறவில்லை. அதைவிட வேடிக்கை, 2007இலிருந்து கடலடியில் அமீரகத்துக்குப் போகும் டால்பின் குழாய். தினமும் சுமார் 200 கோடி கன அடி கேஸ். உறவை முறித்த நாட்டுக்கு கத்தார் கேஸை நிறுத்தவில்லை, உறவை முறித்த நாடும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றரை வருடமும் அபுதாபியில், துபாயில் ஏசி அந்த கேஸிலும் ஓடியது.

பால் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பன்முகமாக்கல் என்றாலே எல்லாரும் இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். முற்றுகை வந்த அடுத்த மாதமே கத்தார் ஏர்வேஸ் சரக்கு விமானத்தில் ஹோல்ஸ்டீன் மாடுகள் வந்து இறங்கின, முதல் தவணை 165 மாடு. பலத்னா என்ற கம்பெனி தோஹாவுக்கு வடக்கே அல் கோர் பக்கம் பாலைவனத்தில் பண்ணை போட்டு, ஓரிரு வருடத்தில் இருபதாயிரம் மாடு வரை கொண்டுபோனது. கொட்டகைக்குள் மின்விசிறியும் நீர்த்தூவலும் நாள் முழுக்க ஓடும், இல்லையென்றால் ஜூலை மாத 45 டிகிரியில் ஐரோப்பிய மாடு பால் கொடுக்காது. மெதுவாகச் சுற்றும் வட்ட மேடை, அதில் மாடுகள் ஒவ்வொன்றாக ஏறி நிற்கும், ஒரு சுற்று முடிந்து இறங்குவதற்குள் பால் கறந்துவிடும். பாலில் நாடு தன்னிறைவு அடைந்ததாக அறிவித்தார்கள், 2019 முடிவில் கம்பெனி பங்குச் சந்தைக்கும் வந்தது.

சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் தீவனம் பெரும்பாலும் கப்பலில் வருகிறது, தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்து வருகிறது, குளிர் மின்சாரத்தில் வருகிறது. 2022 அக்டோபரில் அல் கர்சாவில் 800 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கும் வரை அந்த மின்சாரம் ஏறக்குறைய முழுக்க கேஸ். கேஸ் மலிவாகக் கிடைப்பதால் பாலைவனத்தில் பால் சாத்தியமானது. இதற்கு "உணவுப் பாதுகாப்பு" என்ற பெயர் சரியாகப் பொருந்தும், காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் போல செலவு என்று தெரிந்தே செய்வது. பன்முகமாக்கல் என்ற பெயர் எப்போது பொருந்தும் என்றால், அந்தத் திறமையை வெளியே விற்கும்போது. 2024இல் பலத்னா அல்ஜீரிய அரசோடு 350 கோடி டாலரில் பால்பவுடர் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது, அங்கே தீவனத்தையும் அந்த மண்ணிலேயே விளைவிப்பதாகத் திட்டம். அது தேறினால் என் வாயை மூடிக்கொள்கிறேன்.

முற்றுகையின் உருப்படியான பலன் என்று நான் சொல்வது துறைமுகம். ஹமது துறைமுகம் தற்செயலாக அப்போதுதான் தயாராகியிருந்தது. அதுவரை துபாயின் ஜெபல் அலியில் இறக்கிச் சின்னக் கப்பலில் மாற்றிக் கொண்டுவந்த சரக்கு, ஓமானின் சோஹார், சலாலா வழியாகவும், இந்தியாவின் முந்த்ரா, நவசேவாவிலிருந்து நேரடியாகவும் வரத் தொடங்கியது. 2021 ஜனவரியில் சவுதியின் அல் உலாவில் சமாதானம் ஆன பிறகும் அந்த வழிகளில் பல அப்படியே நிலைத்துவிட்டன. அந்த மூன்றரை வருட நெருக்கடி இல்லாமல் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

அப்படியானால் ஏன் இன்னும் அழுத்தமாக மாற மாட்டேன் என்கிறார்கள் என்ற கேள்வி வரும். சோம்பல் என்று சிலர் எழுதுவார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு காரணம் சொல்வேன்.

ஒன்று, வேலை பார்க்கிற கத்தாரிகளில் பெரும்பான்மையினர் அரசிலோ அரசு நிறுவனங்களிலோதான் இருக்கிறார்கள். 2011 செப்டம்பரில், அரபு நாடுகளெங்கும் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், குடிமக்களான அரசு ஊழியர்களுக்கு ஒரே ஆணையில் 60 சதவீதச் சம்பள உயர்வு கொடுத்தார்கள், ராணுவ அதிகாரிகளுக்கு 120 சதவீதம். அந்தச் சம்பளத்தோடு எந்தத் தனியார் கம்பெனி போட்டி போட முடியும்? தனியார் துறை முழுக்க வெளிநாட்டாரை வைத்து, குறைந்த கூலியில் ஓடப் பழகிவிட்டது. கூலி மலிவு என்றால் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை, இயந்திரம் வாங்காவிட்டால் ஒரு ஆள் செய்யும் வேலையின் மதிப்பு உயராது, உயராவிட்டால் கத்தாரிகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். தனியார் துறையில் குடிமக்களுக்கு இடம் ஒதுக்க 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். இதைவிட முக்கியமானது 2020இல் பழைய முதலாளியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) இல்லாமல் கம்பெனி மாறலாம் என்று செய்ததும், 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்று வைத்ததும்தான். மனித உரிமைக் கணக்கில் மட்டும் இதைப் பார்க்கிறோம். ஆள் கைமாறலாம் என்று வந்தால்தான் முதலாளி அவனை மதித்து, கூலி ஏற்றி, வேலை முறையையே மாற்றுவார். நடைமுறையில் பழைய கஃபீல் மனப்பான்மை, அதாவது விசா கொடுத்த முதலாளிதான் தொழிலாளிக்கு எல்லாம் என்ற எண்ணம், முழுக்கப் போய்விடவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு, கணக்கு. உலகத்திலேயே மலிவாக ஒரு சரக்கைச் செய்யத் தெரிந்தவன், அதைவிட்டு மற்றவர்கள் நன்றாகச் செய்வதைச் செய்யப்போக வேண்டுமா? கத்தாரின் பதில், வேண்டாம். 2005இல் நார்த் ஃபீல்டில் புதுத் திட்டங்களை நிறுத்திவைத்தார்கள், வயலை ஆராய வேண்டும் என்று. 2017 ஏப்ரலில், முற்றுகைக்கு இரண்டு மாதம் முன்பு, தடையை எடுத்தார்கள். 7.7 கோடி டன்னை முதலில் 11 கோடிக்கும் பிறகு 12.6 கோடிக்கும் கொண்டுபோகத் திட்டமிட்டு, 2024இல் இன்னும் ஒரு படி ஏறி 2030க்குள் 14.2 கோடி டன் என்று அறிவித்தார்கள். வாங்க ஆளும் பிடித்துக்கொண்டே போகிறார்கள். இந்தியாவின் பெட்ரோநெட் ஆண்டுக்கு 75 லட்சம் டன் வீதம் 2048 வரை வாங்க 2024 பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இருபது வருட ஒப்பந்தத்தில் இருக்கும் கேஸ் கிட்டத்தட்ட ஒரு நிலையான வருமானம், அந்த வருமானத்தை வெளிநாட்டுச் சொத்தாக மாற்றிக்கொண்டே இருந்தால் போதும் என்ற யோசனை. துபாயிடம் எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது, அதனால் அவர்கள் வியாபாரத்துக்கு ஓடினார்கள். சவுதியில் மூன்றரைக் கோடி மக்கள், வேலை கொடுத்தாக வேண்டும். கத்தாருக்கு இந்த இரண்டு நெருக்கடியும் இல்லை.

ஆபத்து எங்கே என்றால் இடத்தில்தான். கத்தாரின் ஒவ்வொரு எல்என்ஜி கப்பலும் ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சவுதிக்குச் செங்கடல் பக்கம் குழாய் உண்டு, அமீரகத்துக்கு நீரிணைக்கு வெளியே ஃபுஜைரா துறைமுகம் உண்டு, கத்தாருக்கு மாற்று வழியே கிடையாது. 2025 ஜூனில் ஈரான் கத்தாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல் உதெய்த் விமானத் தளத்தின் மேல் ஏவுகணை விட்டபோது சில மணி நேரம் வான்வெளியை மூடினார்கள், விமானத் தொழிலும் கூடவே நின்றது. ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு தொழில்கள் ஒரே நேரத்தில் அடிபடும். பன்முகமாக்கல் என்று பேசுகிறவர்கள் துறையைத்தான் எண்ணுகிறார்கள், புவியியலை எண்ணுவதில்லை.

வரியையும் சொல்லிவிடுகிறேன். வளைகுடா நாடுகள் ஆறும் 2016இல் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) போடுவதாக ஒப்புக்கொண்டன. சவுதியும் அமீரகமும் 2018இல், பஹ்ரைன் 2019இல், ஓமான் 2021இல் போட்டுவிட்டன. கத்தார் சிகரெட்டுக்கும் குளிர்பானத்துக்கும் தனி வரி போட்டதோடு நிறுத்திக்கொண்டது, வருமான வரியும் தனி நபருக்குக் கிடையாது. நாட்டுக்குள் நடக்கும் வியாபாரத்திலிருந்து பெரிய அளவில் வரி எடுக்கத் தொடங்காத வரை, அந்த வியாபாரம் எவ்வளவு வளர்ந்தாலும் கஜானாவுக்குப் பெரிய லாபமில்லை. ஜிடிபி பங்கைவிட இதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக உங்கள் தம்பி. வெல்டர், பைப் ஃபிட்டர், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் மாதிரி கைத்தொழில் தெரிந்தவன் என்றால் ராஸ் லஃப்பான், மெசயீத் பக்கம்தான் பார்க்கச் சொல்லுங்கள். விரிவாக்க வேலை இருக்கிறது, அது முடிந்தாலும் ஆலைகளில் வருடாவருடம் ஷட்டவுன் பராமரிப்பு (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பழுதுபார்ப்பு) வரும், கேஸ் இருக்கிறவரை அந்த வேலை இருக்கும். ஷட்டவுன் வேலை ஒப்பந்தம் சில மாதத்துக்குத்தான் இருக்கும் என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொண்டு போகட்டும். சிவில் கட்டுமானம் என்றால் இப்போது அவசரப்பட வேண்டாம், சவுதியில் அதைவிட அதிகம் நடக்கிறது. ஹோட்டல், விமான நிலையம், கணக்கு எழுதும் வேலை என்றால் கிடைக்கும், சம்பளம் பெரிதாக இருக்காது. 1,000 ரியால் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டும், கம்பெனி தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கவில்லை என்றால் தங்குமிடத்துக்கு 500, சாப்பாட்டுக்கு 300 ரியால் தனியாகத் தர வேண்டும் என்பது சட்டம். சென்னையிலேயே கத்தார் விசா மையம் இருக்கிறது, மருத்துவப் பரிசோதனையும் கைரேகையும் ஒப்பந்தக் கையெழுத்தும் அங்கேதான். கையெழுத்துப் போடும் முன் அதில் இருக்கும் சம்பளமும் ஏஜெண்ட் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள், வேறாக இருந்தால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.